பார்வைக்கு நீ வேணும்

ஒரு ஊர் இருந்ததாம், ஊருக்குக் கிழக்கே ஒரு காடு இருந்ததாம், காட்டுக்குக் கிழக்கே உப்பளம், உப்பளத்துக்குக் கிழக்கே கடல், கடலுக்குக் கிழக்கே என்ன இருந்ததென்று கேட்டால் கதை சொல்கிறவர்கள் வெற்றிலையை மறுகன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு பேச்சைத் திருப்பிவிடுவார்களாம். அந்த ஊரிலே வெயிலுமுத்து என்று ஒருவர் இருந்தார், அவருக்கு இரண்டு பெண்மக்கள், மூத்தவள் சீனித்தாய், இளையவள் பேச்சி, மூத்தவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள், இளையவள் மதுரையில் வேலைக்கு இருந்தாள், அந்த வருசம் பொங்கலுக்கு முன்னால் அவர் இளையவளுக்குப் போன் போட்டார்.

“லீவு குடுப்பானாட்டி உங்க கடைக்காரன்?”

“கேட்டாக் குடுப்பாங்கய்யா.”

“அப்பக் கேளு. கரிநாளைக்குக் குடும்பத்தோட வேட்டைக்குப் போறோம். இந்த வருசம் பார்வைக்கு நீ வேணும்.”

அவ்வளவுதான் பேசினார். பேச்சி அந்தப் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஜவுளிக்கடையின் சரக்கு அறையில், சேலை கட்டாமல் நின்ற பொம்மைகளுக்கு நடுவே அழுதாள், ஏனென்றால் சீனி போன நாளிலிருந்து அய்யா அவளோடு பேசியதில்லை. உப்பு லாரி ஓட்டுகிற, தங்கள் ஆட்களில் சேராத ஒருவனோடு சீனி கிளம்பியபோது கொல்லைப் படலைத் திறந்துவிட்டவள் பேச்சிதான் என்று வீட்டுக்குத் தெரியும். எங்கே போனாள் என்பது தெரியாது. அதைப் பேச்சி தொண்டைக்குக் கீழே இறக்கி வைத்திருந்தாள், அடித்தபோதும் அது மேலே ஏறி வரவில்லை. சீனி எப்போதாவது யாருடைய போனிலிருந்தாவது கூப்பிடுவாள், ஒவ்வொரு தடவையும் வேறு நம்பர், ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு: “யாரு வந்து கூப்பிட்டாலும் நான் வெளிய வரமாட்டேம்ட்டி. நீ வந்து சத்தம் குடுத்தா மட்டும் வருவேன்.”

அந்த ஊரில் கவுதாரி பிடிக்கிறவர்கள் பழக்கின கவுதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துக் காட்டுக்குக் கொண்டுபோவார்கள். அது கூண்டிலிருந்து கூவும், காட்டுக் கவுதாரிகள் தங்கள் இனத்தான் கூப்பிடுகிறான் என்று வரும், வருகிற வழியில் சுருக்குக் கண்ணி இருக்கும். அந்தக் கூண்டுப் பறவைக்குப் பார்வை என்று பெயர். வேட்டைக்காரர் வீட்டில் பிறந்த பேச்சிக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் ஏங்கிப்போன காதுக்கு எந்தச் சொல்லும் தனக்கு வேண்டிய பொருளைத்தான் கொடுக்கும். உன்னைக் கண்ணால் பார்க்கவேண்டும் தாயி என்று அய்யா சொன்னதாகவே எடுத்துக்கொண்டு, அவருக்கு ஒரு வேட்டியும் அம்மாவுக்கு ஒரு சேலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பொங்கல் முடிந்து, கரிநாள் காலையில் வீடே குட்டியானை வண்டியில் ஏறியது. வெயிலுமுத்து, அவர் தம்பி கொம்பையா, கொம்பையாவின் மக்கள், அவர் சம்சாரம் மூக்காயிச் சித்தி, பேச்சியின் அம்மா ராமத்தாய், மசாலா அரைத்த வாளி, இட்லிச் சட்டி, தண்ணீர்க் குடம், வனத்துறைக்காரர்கள் மறித்தால் குலசாமி கும்பிடப் போகிறோம் என்று சொல்வதற்காக ஒரு தேங்காயும் சூடமும். எல்லாவற்றுக்கும் மேலே, துணி மூடிய கூண்டில் பார்வை. குடை விரித்தது மாதிரி உடைமரங்கள் நின்ற காட்டுக்குள் வண்டி நின்றது. பிள்ளைகளாக இருக்கும்போது அக்காளும் தங்கையும் ஒளிந்து விளையாடிய காடு அது. அந்த ஊர்க் காதுக்குக் கவுதாரி “எக்கா எங்கே, எக்கா எங்கே” என்றுதான் கத்தும், பேச்சியும் அப்படியே கத்திக்கொண்டு மரம் மரமாகத் தேடுவாள், தேடிக் களைத்தால் சீனி தானாகவே வெளியே வந்துவிடுவாள், தங்கையின் குரல் உடைவதற்கு முன் வந்துவிடுவாள், ஒரு நாளும் அழவிட்டதில்லை.

கண்ணி வைத்தாயிற்று. எல்லாரும் புதருக்குப் பின்னால் குந்தியாயிற்று. பார்வை கூவவில்லை. அதற்கு வயதாகிவிட்டது. கம்பு போட்டால் தின்றது, தண்ணீர் வைத்தால் குடித்தது, வாயை மட்டும் திறக்கவில்லை.

“பென்சன் வாங்கிருச்சு போல,” என்றார் கொம்பையா.

“உம்ம மாதிரிதான், திங்க மட்டும் வாயத் திறக்கு,” என்றாள் மூக்காயிச் சித்தி.

வெயிலுமுத்து சிரிக்கவில்லை. மகளைப் பார்த்து, “நீ ஒரு சத்தம் குடு தாயி. சின்னதுல குடுப்பியே,” என்றார். அவர் தாயி என்று சொல்லி எவ்வளவு காலமாகிவிட்டது! பேச்சி கூண்டருகே போய்க் குந்தி, கம்பிக்கு நேரே முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “எக்கா எங்கே” என்று கொடுத்தாள். சத்தம் கூண்டுக்குள்ளிருந்து வந்தது. இன்னொரு தடவை கொடுத்தாள். அதுவும் கூண்டுக்குள்ளிருந்தே வந்தது. மூன்றாவது தடவை அவள் வாயைத் திறக்கவேயில்லை, ஆனாலும் கூண்டுக்குள்ளிருந்து வந்தது, அவளுடைய குரலில், ஜவுளிக்கடை வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் சனத்தைக் கூப்பிடுகிற அதே குரலில்: “வாங்க வாங்க, உள்ள வாங்க, இரண்டாவது மாடியில பட்டு, மூணாவது மாடியில சுடிதார், குடும்பத்தோட வாங்க.”

கவுதாரிகள் வந்தன. உடைமரத்தடியிலிருந்தும் வேலிப்புதரிலிருந்தும் பெட்டையும் சேவலுமாக, குஞ்சு குட்டியோடு, தள்ளுபடிக்கு வருகிற கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து கண்ணியில் விழுந்தன. சனங்கள் ஓடி ஓடிப் பிடித்தார்கள். அந்தச் சந்தோசத்தில் பேச்சி இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதை யாரும் உடனே கவனிக்கவில்லை.

கவனித்த பிறகும் யாரும் பதறவில்லை. ராமத்தாய் செல்போன் வெளிச்சத்தில் மகள் தொண்டையைப் பார்த்தாள், உள்நாக்குச் சரியாகத்தான் இருந்தது, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டுக் கொடுத்தாள். “குரல் எங்கயும் ஓடிரல மதினி, வீட்டுக்குள்ளதான் இருக்கு,” என்று கொம்பையா ஆறுதல் சொன்னார். ஊரிலிருந்து கோடாங்கியை வரவழைத்தார்கள். அவர் உடுக்கையை அடித்து, கூண்டைச் சுற்றி வந்து, பறவை இருக்கிறவரைக்கும் குரல் இருக்கும், கோடையில் இறகு உதிர்க்கும்போது குரலும் உதிர்ந்து தானாக வந்துசேரும், அதுவரைக்கும் பூனை தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பறவை செத்தால் குரலும் அதோடு போயிற்று என்று சொல்லி, ஒரு சோடிக் கவுதாரியை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் ஊரே வந்தது. பேச்சிக்குப் பேச்சு போச்சு என்று பிள்ளைகள் பாட்டுக் கட்டின. பெண்கள் கூண்டைச் சுற்றி உட்கார்ந்து மதுரையில் சுங்குடி என்ன விலை என்று கேட்டார்கள், பறவை பொறுமையாகச் சொன்னது. காணாமல்போன எருமைக்காக ஒருவர் கூண்டை இரவல் வாங்கிக்கொண்டுபோய்க் கம்மாய்க் கரையில் வைத்தார், எருமை வந்தது, கூடவே அவர் கொழுந்தியாளும் வந்தாள். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு மைக் முன்னால் கூண்டை வைத்து, அடுத்ததாக இளவட்டங்களுக்கு உறியடி என்று அறிவிக்க விட்டார்கள். மதுரையிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டபோது கொம்பையா போனைக் கம்பியருகே பிடித்தார், “இன்னும் ரெண்டு நாள் லீவு வேணும் சார்,” என்றது பறவை, அவரும் சரி என்றார். அதற்கப்புறம் போன் பேச்சியிடம் திரும்பி வரவில்லை. பேசுகிறவர்களிடம்தானே போன் இருக்கவேண்டும் என்று கூண்டுக் கம்பியில் மாட்டிவிட்டார்கள். அவள் எடுக்கப் போனால், “உனக்கெதுக்குட்டி அது?” என்று யாராவது சிரித்தார்கள்.

மத்தியானம் ராமத்தாய் சோறு போட்டுவிட்டு, “பேச்சி, சாப்பிட்டியா?” என்று குரல் கொடுத்தாள்.

“சாப்பிட்டேம்மா,” என்றது கூண்டு.

ராமத்தாய் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். பேச்சி அடுப்படி வாசலில் காலித்தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளைத் தாண்டிப் போனாள், வேண்டுமென்று போகவில்லை, குரல் இருக்கிற இடத்தில்தான் மகள் இருக்கிறாள் என்று ஒரே நாளில் பழகிவிட்டிருந்தது.

சாயங்காலம் வந்தவர்கள் போன பிறகு, வெயிலுமுத்து கூண்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கை நிறையக் கம்புத் தானியம் வைத்திருந்தார். ஒவ்வொரு மணியாகப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

“சீனி எங்க தாயி இருக்கா?”

பேச்சி முற்றத்தின் அந்தப்பக்கம் விறகு எடுத்துக்கொண்டிருந்தாள். விறகைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தவேண்டிய வாய் கூண்டுக்குள் இருந்தது.

“உப்பளத்துலய்யா. கடைசிப் பாத்திக்குப் பக்கத்துல ஓட்டு வீடு. மாசமா இருக்கா.”

“யாரு கூப்பிட்டா வருவா?”

“நான் கூப்பிட்டா வருவா.”

அடித்தபோதும் ஏறி வராத சொல் ஒரு பிடி கம்புக்கு ஏறி வந்துவிட்டது. வெயிலுமுத்து பறவைக்கு இன்னும் கொஞ்சம் போட்டார். பிறகு தான் சொல்லித்தர ஆரம்பித்தார். “அய்யாவுக்குக் கோவம் போயிருச்சுக்கா. சொல்லு.” “அய்யாவுக்குக் கோவம் போயிருச்சுக்கா.” “ஒன்னைப் பாக்கணும்னு அழுதாரு.” “ஒன்னைப் பாக்கணும்னு அழுதாரு.” தான் ஒருநாளும் சொல்லாத சொற்களைத் தன் குரல் அழகாக, அந்தந்த இடத்தில் குழைந்து, சீனியிடம் பேசும்போது மட்டும் வருகிற செல்லத்தோடு சொல்வதைப் பேச்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொட்டிலில் கொம்பையா தன் மூத்த மகனோடு கண்ணிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்குக் குரல் போனதிலிருந்து காதும் போய்விட்ட மாதிரிதான் எல்லாரும் அவள் எதிரே பேசினார்கள். “குரல் பறவைக்குப் போனது நம்ம நேரம்லே,” என்றார் கொம்பையா. “அண்ணன் தீவாளிக்கே சொல்லிட்டாரு. இந்த வருசம் பார்வை பேச்சிதான், எடத்தக் கேட்டு வாங்கி, அவளைக் கொண்டுபோயி அங்க நிறுத்துனா மூத்தவ தன்னால வருவான்னு. இப்ப இவளக் கெஞ்ச வேண்டியதில்ல, மிரட்ட வேண்டியதில்ல.”

அப்போதுதான் அந்தப் போன் பேச்சு முழுக்க அவளுக்குக் கேட்டது. சரக்கு அறையில் பொம்மைகளுக்கு நடுவில் நின்று அழுதது நினைவுக்கு வந்தது. அந்த அழுகையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமென்றால் எடுத்துக்கொண்டிருப்பாள்.

விடிந்ததும் விடியாததுமாக அவள் தனியாகக் கிழக்கே நடந்தாள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மூக்காயிச் சித்தி பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “வாயில்லாப் பிள்ள தனியாப் போகலாமாட்டி? நாங்கதான் எல்லாரும் போறோமே,” என்று கன்னத்தைத் தடவி, பிடித்த பிடி விடாமல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் குட்டியானை மறுபடியும் கிளம்பியது. அதே வாளி, அதே குடம், அதே தேங்காய். ராமத்தாய் மட்டும் கூடுதலாகக் கருப்பட்டிப் பணியாரம் சுட்டிருந்தாள், சீனிக்குப் பிடிக்கும், மாசமாக இருக்கிறவளுக்கு வாய் கேட்கும். வண்டிக்குள் சாக்குக்கு அடியில் கொம்பையாவின் அரிவாள் இருந்தது. காலையில் தீட்டியிருந்தார், எண்ணெய் மினுமினுத்தது. பேச்சி அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்து அதைக் காட்டினாள். கவுதாரி அறுக்க அவ்வளவு பெரிய அரிவாள் யாரும் கொண்டுபோவதில்லை என்று ராமத்தாய்க்குத் தெரியும், ஆனால் சாகும்வரை அவள் அந்த வேட்டைக்காரரோடுதானே குடும்பம் நடத்தவேண்டும். அவள் அரிவாளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு பணியாரம் கட்டிய வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து அரிவாள்மேல் வைத்து மூடினாள்.

“வீட்டுக்குக் கூட்டியாரத்தாம்ட்டி போறாக,” என்றாள். “வம்பா நினைக்காத.”

உடைமரக் காடு முடிகிற இடத்தில் உப்பளம் வெள்ளை வெளேரென்று ஆரம்பித்தது. காட்டோரத்தில் ஒரு கட்டை மரத்தடியில் பேச்சியை உட்காரவைத்தார்கள், மடியில் கூண்டை வைத்தார்கள், தூரத்திலிருந்து பார்க்கிறவளுக்குத் தங்கை முகம் தெரியவேண்டுமே. அவளைச் சுற்றி வழக்கம்போலக் கண்ணி வைத்துவிட்டு, புதர்களுக்குப் பின்னால் குடும்பம் ஒளிந்துகொண்டது. வெயிலுமுத்து அவள் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, “அப்பனை நம்பு தாயி,” என்று சொல்லிவிட்டுப் போய் ஒளிந்தார். அந்தக் கை உண்மையாகவே அன்பாகத்தான் இருந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பறவை ஆரம்பித்தது. “சீனிக்கோவ்... நான்தாங்க்கா, பேச்சி வந்திருக்கேன்... அய்யாவுக்குக் கோவம் போயிருச்சுக்கா... ஒன்னைப் பாக்கணும்னு அழுதாரு...”

உப்பு வரப்பில் ஓட்டு வீட்டுக் கதவு திறந்தது. சீனி வந்தாள். ஒரு கையை இடுப்புக்குக் கொடுத்து, பாதமெல்லாம் உப்பு பூத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக வந்தாள், கட்டை மரத்தடியில் தங்கை உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அந்த வயிற்றோடும் நடையை வீசிப்போட்டாள், சிரித்துக்கொண்டே வந்தாள். பேச்சி தலையை ஆட்டினாள், கையை வீசினாள், போ போ என்று காட்டினாள். அந்தத் தூரத்துக்கு அது வா வா என்று கூப்பிடுகிற கை மாதிரிதான் இருந்தது. புதருக்குப் பின்னால் கொம்பையா எழுந்திருக்க முழங்காலை ஊன்றினார். இன்னும் கொஞ்சம் வந்துவிட்டால் ஓடினாலும் தப்ப முடியாது.

“வாக்கா, பயப்படாம வா,” என்றது பேச்சியின் குரல், “வாக்கா, வா—”

பேச்சி கூண்டின் கதவைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். பறவை விலகவில்லை, மனிதக் கைக்குப் பழகினது, தீனி என்று நினைத்து உள்ளங்கைக்குள் தானாகவே ஏறி உட்கார்ந்தது. கழுத்து இளஞ்சூடாக இருந்தது. உள்ளே தன் குரல் துடிப்பதை விரலால் தொட்டுப் பார்த்தாள், இவ்வளவு சின்னதா என்று இருந்தது, மதுரை ரோடு முழுக்கக் கேட்ட குரல். பிறகு அந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த மாதிரி, ஒரே திருகாகத் திருகினாள்.

காடு அடங்கிப்போனது. அந்த அமைதியில் சீனி நின்றாள். நின்றதால் பார்த்தாள், ஒரு புதருக்குப் பின்னால் அய்யாவின் தலைப்பாகை, இன்னொன்றில் சித்தப்பாவின் வெள்ளை முடி, அரிவாளின் வெளிச்சம். கொம்பையா எழுந்து ஓடினார், அவரே வைத்த கண்ணி அவர் கால் விரலில் மாட்டி முழங்கால் தேய விழுந்தார், அவர் மக்கள் அவரைத் தாண்டி வரப்பில் ஏறினார்கள். ஆனால் இடையில் நிறையத் தூரம் இருந்தது, அதற்குள் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையும் மண்வெட்டியுமாக ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் யாரும் மேலே ஓடவில்லை.

சீனி ஓடவில்லை. அந்த ஆட்களுக்குப் பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், கண்ணிகளுக்கு நடுவில், மடியில் கூண்டோடு, கையில் கழுத்து தொங்குகிற கவுதாரியோடு, வேட்டைக்கு வந்த தன் தங்கைதான்.

“ஒன் சத்தத்த நம்பித்தானட்டி வந்தேன்,” என்று அங்கிருந்தே கத்தினாள்.

பேச்சி வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் உப்புக் காற்று போனது, எதுவும் வெளியே வரவில்லை. செத்த பறவையை உயர்த்திக் காட்டினாள், பார், இதுதான், நான் இல்லை என்று காட்டினாள். சீனி முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கே அந்த வீடு காலியாகப்போகிறது என்பதும், இனி எந்த நம்பரிலிருந்தும் போன் வராது என்பதும் சாத்தின விதத்திலேயே தெரிந்தது.

அதற்கப்புறம் எல்லாரும் வேலையைப் பார்த்தார்கள். கொம்பையாவின் முழங்காலுக்கு மூக்காயிச் சித்தி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அவர் மக்கள் சட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். ராமத்தாய் பொட்டலத்தை அவிழ்த்துப் பணியாரத்தைப் பங்கு வைத்தாள், வீணாகக்கூடாதே என்று ஆளுக்கொன்றாக வாங்கித் தின்றார்கள். பேச்சிக்கு நீட்டியதை அவள் வாங்கவில்லை. வெயிலுமுத்து வந்து அவள் மடியிலிருந்து காலிக் கூண்டை எடுத்துத் துணி போட்டு மூடினார், உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும் மூடித்தான் அவருக்குப் பழக்கம்.

“நல்ல பார்வை,” என்றார், கூண்டைப் பார்த்தா மகளைப் பார்த்தா என்று தெரியாமல். “இனி எதுக்கும் ஆகாது.”

வண்டி கிளம்பியது. ராமத்தாய் பின்னால் உட்கார்ந்து, “பேச்சி, ஏறுட்டி,” என்றாள், கூண்டு வண்டிக்குள் இருந்ததால் வழக்கம்போல மகளும் ஏறிவிட்டாள் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை. மதுரையிலிருந்து வாங்கி வந்த புதுச்சேலையின் முந்தி வண்டிக்கு வெளியே ஆடிக்கொண்டே போய் மறைந்தது.

பேச்சி கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தேடி அவிழ்த்தாள். ஒன்றில் ஒரு பெட்டைக் கவுதாரி கால் மாட்டிக் கிடந்தது, அதை விடுவித்துத் தரையில் வைத்தாள். செத்த பறவையை உடைமரத்தடியில் மண்ணைக் கையால் பறித்துப் புதைத்தாள், கூடவே என்ன புதைகிறதென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கிழக்கே சாத்தின கதவு, மேற்கே வீடு. அவள் வடக்கே பஸ் போகிற ரோட்டைப் பார்த்து நடந்தாள். முதுகுக்குப் பின்னால், விடுபட்ட கவுதாரி புதருக்குள்ளிருந்து கூப்பிட ஆரம்பித்தது, எக்கா எங்கே, எக்கா எங்கே என்று. அவள் நிற்கவில்லை.